1951-ல் வந்தது பளிச்சென்று இருக்க, 1993-ல் வந்தது ஏன் மங்கல்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கு உதவும். இங்கே கேள்வி கேட்டிருப்பவர் தன் அப்பாவுக்காக இரண்டு பழைய அமெரிக்கத் தொடர்களை வாங்கியிருக்கிறார். ஒன்று 'ஐ லவ் லூசி' முதல் சீசன், ப்ளூரே. இன்னொன்று 'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' முதல் சீசன், டிவிடி. முன்னது 1951-ல் ஒளிபரப்பானது. லூசியின் இமைமுடியை எண்ணலாம் போல இருக்கிறதாம். பின்னது 1993-ல் தொடங்கியது. வீட்டுக்குப் புதிதாக வந்த 55 அங்குல டிவியில் போட்டால், மழை வழியும் பஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நடமாடுவது போலத் தெரிகிறதாம். "நாற்பது வருஷம் பிந்தி எடுத்தது எப்படி மோசமாக இருக்கும்? போலி டிஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறார். ஆனால் அவருடைய நிஜமான கேள்வி கடைசி வரியில் இருக்கிறது. மீதி ஆறு சீசனையும் டிவிடியிலேயே வாங்கிவிடவா, ப்ளூரே வரும்வரை பொறுக்கவா? அப்பாவுக்கு 78 வயது.

யாரும் உங்களை ஏமாற்றவில்லை. காத்திருக்க வேண்டாம், டிவிடியையே வாங்கிவிடுங்கள். பதில் இவ்வளவுதான். காரணம் தெரிந்தால் இனி எந்தப் பழைய தொடரின் டிஸ்க்கைப் பார்த்தாலும் வாங்கலாமா வேண்டாமா என்று நீங்களே சொல்லிவிடலாம் என்பதால் மேற்கொண்டு எழுதுகிறேன்.

நான் சென்னையில் இருபது வருடத்துக்கு மேல் டெலிசினி அறையிலும் பிறகு ஸ்கேனர் அறையிலும் வேலை பார்த்தவன். ஃபிலிமை வீடியோவாக மாற்றுவதுதான் பிழைப்பு. ஆகவே ஃபிலிம், டேப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் கைபட்ட விஷயம். உரிமை, ஒப்பந்தம் பற்றிச் சொல்வது தொழிலில் காதில் விழுந்ததும் வெளிப்படையாக எழுதப்பட்டதும்தான். நான் வக்கீல் இல்லை. இனி எந்தத் தொடர் எப்போது டிஸ்க்காக வரும் என்று நான் சொல்லும் இடங்களை வெறும் ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு படைப்பு எந்த வருடம் எடுக்கப்பட்டது என்பதை மறந்துவிடுங்கள். எதில் எடுத்தார்கள், எதில் முடித்தார்கள், முடித்ததை யார் பத்திரப்படுத்தினார்கள் என்ற மூன்றைத்தான் பார்க்க வேண்டும். ஃபிலிமில் இத்தனை வரி, இத்தனை புள்ளி என்ற கணக்கே கிடையாது. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்புத் துகள்கள் இருக்கும், அவ்வளவுதான். அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பது நம்மிடம் இருக்கும் ஸ்கேனரைப் பொறுத்தது. டேப் அப்படியில்லை. அமெரிக்க முறை டேப்பில் ஒரு பிரேமுக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, 525 வரி, கண்ணுக்குத் தெரிவது சுமார் 480. எடுத்த அன்றைக்கே கணக்கு முடிந்துவிட்டது. நெல்லாகப் பத்தாயத்தில் போட்டவன் எப்போது வேண்டுமானாலும் குத்தி அரிசியாக்கிக்கொள்ளலாம். மாவாக அரைத்துவிட்டவன் அரிசிக்குத் திரும்ப முடியாது.

'ஐ லவ் லூசி' நெல்லாக மிஞ்சியது ஒரு பிடிவாதத்தால். அன்றைக்கு வீடியோ டேப் என்ற சாமானே கிடையாது; ஆம்பெக்ஸின் இயந்திரம் வந்தது 1956-ல். நிகழ்ச்சிகள் நேரடியாகவே ஒளிபரப்பாகும். இன்னொரு ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் டிவித் திரைக்கு எதிரே கேமராவை வைத்து அதையே படம் பிடித்து அனுப்புவார்கள். கினெஸ்கோப் என்று பெயர். தியேட்டர் திரையை செல்போனில் பிடித்தது எப்படியிருக்கும், அதுதான் தரம். விளம்பரதாரருக்கோ, கூட்டம் அதிகமுள்ள கிழக்குக் கரையில் படம் சுத்தமாகத் தெரிய வேண்டும். அதனால் நியூயார்க்கில் நடத்தச் சொன்னார்கள். லூசில் பாலும் அவர் கணவர் டெஸி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகரமாட்டோம் என்றார்கள். வேறு வழி, 35 மி.மீ. ஃபிலிமில் எடுப்பதுதான். செலவு கூடியது. இருவரும் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக அந்த ஃபிலிம்களின் உரிமையைத் தங்கள் கம்பெனிக்கு வாங்கிக்கொண்டார்கள். ஒளிபரப்பான மறுநாளே செத்துப்போகும் சாமான் என்று எல்லோரும் நினைத்த காலத்தில் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும். ஒளிப்பதிவாளராகக் கார்ல் ஃபிராய்ண்டைப் பிடித்தார்கள். 'மெட்ரோபோலிஸ்' படத்துக்குக் கேமரா பிடித்தவர்களில் ஒருவர். பார்வையாளர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, மூன்று ஃபிலிம் கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓட, எந்தக் கோணத்துக்கும் ஒத்துப்போகும்படி மேலிருந்து சமமாக விளக்கு போட்டார். உங்கள் அப்பா இன்றைக்கு எண்ணுகிற இமைமுடி அந்த வெளிச்சத்தில் பதிந்தது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. 'த ட்விலைட் ஸோன்' 1959 முதல் 1964 வரை 156 அத்தியாயங்கள் வந்தன, ஃபிலிம்தான். இரண்டாம் சீசனில் காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்று ஆறே ஆறு அத்தியாயங்களை வீடியோ டேப்பில் எடுத்துப் பார்த்தார்கள். மிச்சமான தொகை போதவில்லை என்று ஃபிலிமுக்கே திரும்பிவிட்டார்கள். ப்ளூரே தொகுப்பில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் அந்த ஆறும் வரும்போது யாரோ டிவி மேல் ஈரத்துணியைப் போர்த்தியது போலிருக்கும். அதே ஆட்கள், அதே காலம், அதே டிஸ்க். டேப் மட்டும்தான் வேறு. கிறிஸ்துமஸ் கதையான 'த நைட் ஆஃப் த மீக்' அந்த ஆறில் ஒன்று. எனக்கு மிகப் பிடித்த அத்தியாயமும் அதுதான். என்ன செய்வது.

இனி உங்கள் டிவிடிக்கு வருகிறேன். 'டீப் ஸ்பேஸ் நைன்' டேப்பில் எடுத்ததுதானே என்று நினைப்பீர்கள். இல்லை, 35 மி.மீ. ஃபிலிமில்தான் எடுத்தார்கள். 1980-களிலும் 90-களிலும் அமெரிக்காவில் ஒரு பழக்கம் பரவியிருந்தது. ஃபிலிமில் எடுப்பது, லேபில் கழுவியதும் அப்படியே டெலிசினியில் ஓட்டி டேப்புக்கு ஏற்றிவிடுவது, அதன்பின் வெட்டு, ஒட்டு, கிராஃபிக்ஸ், டைட்டில் எல்லாம் டேப்பிலேயே. வேகம், சிக்கனம். வீட்டு டிவியில் 480 வரிதானே தெரியப்போகிறது என்ற நினைப்பு. இதன் விளைவு என்னவென்றால், முழு அத்தியாயம் என்ற ஒன்று ஃபிலிம் வடிவத்தில் எங்குமே கிடையாது. கதையாகக் கோக்கப்பட்டது டேப்பில் மட்டும். ஃபிலிமில் இருப்பது வெட்டப்படாத நெகட்டிவ் சுருள்கள்: நடிகர் வசனம் மறந்தது, மைக் உள்ளே வந்தது, எட்டாவது டேக், ஒன்பதாவது டேக் எல்லாம் கலந்து. மாவு கடைக்குப் போய்விட்டது, நெல் பத்தாயத்திலேயே கிடக்கிறது, ஆனால் எந்த மூட்டையில் எந்த நெல் என்று யாருக்கும் நினைவில்லை.

இதற்கு மூத்த ஸ்டார் டிரெக் தொடரான 'த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' (1987–1994, 178 அத்தியாயங்கள்) இதே நிலையில்தான் இருந்தது. சிபிஎஸ் நிறுவனம் துணிந்து இறங்கியது. நெகட்டிவ் பெட்டிகளை வெளியே எடுத்து, 25,000-க்கும் மேற்பட்ட சுருள்கள் என்று சொல்கிறார்கள், பழைய டேப்பைப் பக்கத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு ஷாட்டும் எந்தச் சுருளில் எந்த அடியில் இருக்கிறது என்று தேடி, புதிதாக ஸ்கேன் செய்து, மறுபடி முழுக்கத் தொகுத்தார்கள். விண்கலக் காட்சிகளில் ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. அவை நிஜமான மாடல்கள். ஃபிலிமில் தனித்தனி அடுக்குகளாகப் பிடிக்கப்பட்டவை. கப்பல் ஒரு சுருளில், அதன் ஜன்னல் விளக்குகள் இன்னொன்றில். அந்த அடுக்குகளை எடுத்துப் புதிதாகச் சேர்க்க முடிந்தது. துப்பாக்கிக் கதிர், கிரகங்கள் போன்ற டேப்பில் மட்டுமே உருவாக்கியவற்றைத் திரும்ப வரைந்தார்கள். மிகச் சில ஷாட்டுகளின் நெகட்டிவ் கடைசிவரை அகப்படவில்லை. அங்கே பழைய டேப்பையே பெரிதாக்கிப் போட்டார்கள். ப்ளூரே பார்க்கும்போது சட்டென்று சில நொடிகள் படம் மங்கித் தெளிந்தால் அதுதான் விஷயம், உங்கள் பிளேயரில் கோளாறு இல்லை. 2012 ஜூலையில் முதல் சீசன், 2014 டிசம்பரில் ஏழாவது. இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், 178 அத்தியாயங்களுக்கு இதைச் செய்து முடித்தது அசுர வேலை. ஒரு படத்துக்கு நாலு சுருள் காணாமல் போனாலே நாங்கள் வாரக்கணக்கில் குடோன் குடோனாக அலைந்திருக்கிறோம்.

அப்படியென்றால் 'டீப் ஸ்பேஸ் நைன்' ஏன் வரவில்லை? நடந்ததை முதலில் சொல்கிறேன். மூத்த தொடருக்குச் செய்ததை இதற்கோ அடுத்த தொடரான 'வாயேஜர்'க்கோ செய்யவில்லை. தொடரைப் பற்றி எடுக்கப்பட்ட ஆவணப்படத்துக்காக, ரசிகர்கள் கொடுத்த பணத்தில், சில காட்சிகளை மட்டும் நெகட்டிவிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். 2019-ல் தியேட்டரிலும் ஓடியது. பார்த்தவர்களுக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம், அவ்வளவு அழகு. ஆகவே ஃபிலிம் இருக்கிறது, தரமாகவும் இருக்கிறது. இனிச் சொல்வது என் ஊகம். மூத்த தொடரின் ப்ளூரேகள் வந்த வருடங்களில்தான் ஜனங்கள் டிஸ்க்கை விட்டு ஸ்ட்ரீமிங்குக்கு நகர்ந்தார்கள். போட்ட பணம் எதிர்பார்த்த வேகத்தில் திரும்பவில்லை என்பது பரவலான பேச்சு. கூடவே ஒரு தொழில்நுட்பச் சங்கடம்: 'டீப் ஸ்பேஸ் நைன்' பின்பாதியில் வரும் பெரிய விண்வெளிப் போர்கள் கம்ப்யூட்டரில் செய்தவை, டேப் அளவுக்கே செய்தவை. அங்கே தேடி எடுக்க நெகட்டிவே இல்லை. புதிதாக உருவாக்க வேண்டும். மாடல் கப்பலை ஃபிலிமில் பிடித்தது பழைய முறை என்று அன்றைக்குச் சிரித்திருப்பார்கள். இன்றைக்குப் பிழைத்தது அதுதான். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், 78 வயதுக்காரரைக் காக்கவைக்கும் அளவுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை.

ஃபிலிம் இருந்தும் வராமல் போவது புதிதல்ல. உங்கள் லூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளூரேயில் முதல் சீசன் 2014-ல், இரண்டாவது 2015-ல். அதன்பின் வரிசை பல வருடம் நகரவேயில்லை. மீதிச் சீசன்களுக்கு டிவிடியைத்தான் தேட வேண்டியிருந்தது. அதைப் பத்தாயத்தின் குறை என்று சொல்ல முடியாது. அரிசி வாங்க எத்தனை பேர் வருவார்கள் என்று கடைக்காரர் போட்ட கணக்கு.

"ஏஐ வைத்து 4கே ஆக்கிவிட முடியாதா?" என்று ஒருவர் கீழே கேட்டிருக்கிறார். ஆக்கலாம், ரசிகர்கள் ஆக்கிப் போட்டும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மென்பொருள் இல்லாத விவரத்தைக் கண்டுபிடிப்பதில்லை. இப்படித்தான் இருந்திருக்கும் என்று வரைகிறது. செங்கல் சுவர், துணி நெசவு போன்றவற்றில் ஓரளவு ஏமாற்றிவிடும். முகத்தில் மாட்டிக்கொள்ளும். தூரத்தில் நிற்கும் ஆளுக்குப் பல் ஒரே வெள்ளைப் பட்டையாகிவிடும், புருவம் ஒட்டுப்புருவம் போலாகும். நல்ல நெகட்டிவ் இருந்தும் இதைச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். 2024-ல் 4கே டிஸ்க்காக வந்த 'ட்ரூ லைஸ்' படத்தைப் பாருங்கள், மெழுகு பூசிய மாதிரி. ஃபிலிம் துகளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்தால் அதோடு தோலின் சுருக்கமும் போய்விடும், ஏனென்றால் படம் என்பதே அந்தத் துகள்தான். எங்கள் அறைக்கு வரும் தயாரிப்பாளர்கள் "என்ன சார், கொசகொசன்னு இருக்கு, கிளீன் பண்ணுங்க" என்பார்கள். முடிந்தவரை சண்டை போடுவேன். பல தடவை தோற்றிருக்கிறேன்.

பிரிட்டனில் கதை வேறு விதம். அங்கே ஸ்டூடியோவுக்குள் டேப், வெளியே போனால் 16 மி.மீ. ஃபிலிம் என்பது வழக்கம். ஒரே அத்தியாயத்தில் கதவைத் திறந்து தெருவுக்கு வந்தால் படத்தின் குணமே மாறும். 'டாக்டர் ஹூ' தொடரில் 1970-ன் 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்' கதை மட்டும் பிபிசி ஸ்டூடியோவில் நடந்த வேலைநிறுத்தத்தால் முழுக்க வெளியே, முழுக்க 16 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டது. அன்றைக்கு அது பெரும் தொல்லை. 2013-ல் அந்தக் காலத்துக் கதைகளில் அது ஒன்றுதான் உண்மையான ஹெச்டி ப்ளூரேயாக வர முடிந்தது. மற்றவற்றின் ப்ளூரேகள் டேப்பைப் பக்குவமாகப் பெரிதாக்கியவைதான். அதற்காக அவற்றைக் குறை சொல்லமாட்டேன். ப்ளூரே என்று அட்டையில் போட்டிருப்பதாலேயே ஹெச்டி என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அட்டையின் பின்புறம் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

அதே தொடரில் இன்னொன்று, எங்கள் தொழிலில் இதைவிட அழகான வேலை எனக்குத் தெரியாது. பிபிசி தன் பழைய டேப்புகளை அழித்து அழித்து மறுபடி பயன்படுத்தியது. டேப் விலை அதிகம், மறுஒளிபரப்பு அபூர்வம், வைக்க இடமில்லை. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக எடுத்த 16 மி.மீ. கறுப்பு வெள்ளைப் பிரதிகள்தான் பல கதைகளுக்கு மிஞ்சின. 2013-ல்கூட நைஜீரியாவின் ஜோஸ் நகரிலுள்ள ஒரு நிலையத்தில் கிடந்த ஒன்பது அத்தியாயங்கள் திரும்பி வந்தன. அதன் பிறகும் 97 காணவில்லை என்று கணக்கு நின்றது. சரி, 1971-ன் 'த மைண்ட் ஆஃப் ஈவில்' கதை கலரில் எடுக்கப்பட்டது. கலர் டேப் எல்லாம் போய்விட்டது, கறுப்பு வெள்ளை ஃபிலிம் மட்டும் உண்டு. அந்தக் கலர் ஒளிபரப்பைக் கறுப்பு வெள்ளைத் திரையில் காட்டிப் படம் பிடித்தபோது கலர் சிக்னலை வடிகட்டாமல் விட்டிருக்கிறார்கள். அது திரையில் நுண்ணிய புள்ளிக்கோலமாகத் தெரிந்து ஃபிலிமிலும் பதிந்துவிட்டது. அன்றைக்கு அது வெறும் குறை. முப்பத்தைந்து, நாற்பது வருடம் கழித்து சில பொறியாளர்கள் அந்தப் புள்ளிகளை உயர்தரமாக ஸ்கேன் செய்து, அவற்றின் அமைப்பைக் கணக்கிட்டு, எந்த இடத்தில் எந்த நிறம் இருந்தது என்று மீட்டெடுத்தார்கள். அந்தக் கதையின் பெரும்பாலான அத்தியாயங்கள் 2013 டிவிடியில் கலரில் வந்தது இப்படித்தான். யாரும் உட்கார்ந்து வண்ணம் தீட்டியது இல்லை. 1971-ல் கேமரா பார்த்த நிறமே அது. இந்த முறையில் வர முடியாமல் போனது முதல் அத்தியாயம். அதற்கு மட்டும் கையால் நிறம் கொடுத்தார்கள்.

டிஸ்க் வாங்கும்போதும் ஸ்ட்ரீமிங்கில் பார்க்கும்போதும் கவனிக்க வேண்டிய இன்னொன்று, திரையின் அகலம். பழைய தொடர்கள் 4:3. இன்றைய டிவி 16:9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் "காசு கொடுத்த டிவி வீணாகிறதே" என்று ஜனங்கள் முணுமுணுப்பார்கள் என்று பயந்து, மேலும் கீழும் சீவிவிடுகிறார்கள். 'த சிம்ப்ஸன்ஸ்' 2019-ல் டிஸ்னி பிளஸ்ஸில் வந்தபோது, மூன்று வகை பீர் என்று விற்பது எல்லாம் ஒரே குழாயிலிருந்து வருகிறது என்ற நகைச்சுவையில் அந்தக் குழாயே மேலே வெட்டுப்பட்டுப் போனது. எதிர்ப்பு கிளம்பி 2020-ல் பழைய அளவையும் சேர்த்தார்கள். 'சைன்ஃபெல்ட்' நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது சாலைக் குழியைப் பற்றிய அத்தியாயத்தில் குழியே தெரியவில்லை. 'பஃபி' தொடரின் ஹெச்டி பதிப்பில் நேர்மாறு: நெகட்டிவின் ஓரங்களையும் திறந்துவிட்டதில் ஒளிந்து நிற்க வேண்டிய விளக்குகளும் வேலையாட்களும் உள்ளே வந்து நின்றார்கள். இரவாகக் காட்ட வேண்டிய காட்சி பட்டப்பகலாகவும் கிடந்தது, அந்த நிறத்திருத்தம் பழைய டேப்பில் மட்டும் இருந்ததால். இந்த விஷயத்தில் பழைய டிவிடி வைத்திருப்பவர் பாக்கியவான். உங்கள் டிவி ரிமோட்டிலும் பாருங்கள், 4:3-ஐ இழுத்து அகலமாக்கும் வசதி இயல்பாகவே போடப்பட்டிருக்கும். அப்பா பார்க்கும் தொடரின் நாயகன் சிஸ்கோ குண்டாகத் தெரிந்தால் அதனால்தான்.

உரிமைச் சிக்கலைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், இது என் துறை இல்லை. 1970-களில் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு வீட்டில் டிஸ்க் வாங்கிப் பார்க்கும் காலம் வரும் என்று தெரியாது. ஆகவே பாட்டுக்கு வாங்கிய உரிமை ஒளிபரப்புக்கு மட்டும். ரேடியோ நிலையத்தில் நடக்கும் 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' நகைச்சுவைத் தொடரில் பாட்டுதான் உயிர். 2007-ல் டிவிடி வந்தபோது பல பாட்டுகளை எடுத்துவிட்டு ஏதோ மெட்டைச் செருகினார்கள். 2014-ல் வேறொரு நிறுவனம் பெரும்பாலானவற்றுக்கு உரிமை வாங்கிச் சரியாக வெளியிட்டது. 1966-ன் 'பேட்மேன்' தொடரும் 2014 நவம்பர்வரை வரவில்லை. தொடர் ஒரு ஸ்டூடியோவுடையது, கதாபாத்திரம் இன்னொரு ஸ்டூடியோவுடையது. ஃபிலிம் நன்றாகத்தான் இருந்தது. காகிதத்தில்தான் பிரச்சினை.

நம்மூர்ப் படங்களைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருப்பதால் ஒரு வார்த்தை. 2007 வாக்கில் மோசர் பேர் என்ற கம்பெனி 34 ரூபாய்க்கு டிவிடி விற்ற காலத்தில், கடைகளில் கிடைத்த பல பழைய தமிழ்ப் படங்களுக்கு மூலம் நெகட்டிவ் அல்ல. ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரிண்டைப் பீட்டாகேம் டேப்புக்கு ஏற்றிய பிரதி. ரீல் மாறும் இடத்தில் வலது மூலையில் கறுப்பு வட்டம் குதிக்குமே, அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கம்பெனியின் மேனேஜர் டேப்பை வாங்கிக்கொண்டு, நெகட்டிவ் டப்பாக்களை எடுத்துப்போக மறுத்துவிட்டார். "அதான் டேப் வந்துடுச்சேப்பா, இந்த வினிகர் நாத்தத்த எங்க கொண்டுபோய் வைக்கிறது?" எத்தனை தடவை கடிதம் போட்டும் ஆள் வரவில்லை. கடைசியில் அவை வெள்ளிக்காக எடைக்குப் போயின. அந்த டேப்பும் இப்போது ஓடாது. அந்த வினிகர் வாடை வந்துவிட்டால் ஃபிலிம் சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள், ஆனால் செத்துவிடவில்லை. 1993-ல் லண்டன் லேபில் பிடித்த தீயில் வெந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' முதலான மூன்று அபு படங்களின் நெகட்டிவையே இத்தாலியின் பொலோன்யா நகரில் ஈரப்பதம் ஏற்றி, ஓட்டையை ஒட்டி, ஸ்கேன் செய்யக்கூடிய பகுதிகளை மீட்டு, மீதிக்கு வேறு பிரதிகளைச் சேர்த்து 2015-ல் வெளியே கொண்டுவந்தார்கள். வெந்ததிலிருந்தே எடுக்க முடிகிறது. எடைக்குப் போட்டதிலிருந்து முடியாது.

இப்போது உங்கள் வேலை. 'டீப் ஸ்பேஸ் நைன்' அமெரிக்கத் தொடர், ஆகவே அமெரிக்க டிவிடியையே வாங்குங்கள். பிரிட்டிஷ் பதிப்பில் நொடிக்கு 25 பிரேமுக்கு மாற்றும்போது வேகமோ அசைவோ கொஞ்சம் கெடும். பிரிட்டிஷ் தொடருக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். டிவிடியில் இந்தியா ஐந்தாம் மண்டலம், அமெரிக்கா ஒன்று, ஆகவே எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் வேண்டும். உங்கள் பிளேயர் முதல் சீசனை ஓட்டியிருப்பதால் அந்தக் கவலை இருக்காது. பழைய டிஸ்க்காக வாங்கினால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிக்குத்து போல ஒளி தெரிந்தாலோ, ஓரத்தில் வெண்கல நிறம் படர்ந்திருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிய வாரத்திலேயே எல்லா டிஸ்க்கையும் ஒரு தடவை கடைசிவரை ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் கெட்டுப்போன டிஸ்க் பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில்தான் நிற்கும், அதற்குள் திருப்பும் கெடு முடிந்திருக்கும். டிஸ்க்கும் பிளேயரும் குறைந்துகொண்டே வருகின்றன. சாம்சங் 2019-லும் எல்ஜி 2024-லும் ப்ளூரே பிளேயர் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிவியில் செய்ய வேண்டியது மூன்று. படத்தை 4:3-ல் வையுங்கள். ஷார்ப்னஸைக் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள். டிவிடியின் மங்கலை அது தெளிவாக்காது, ஓரங்களில் வெள்ளைக் கோடுதான் போடும். அசைவை வழவழவென்று ஆக்கும் வசதி ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு பெயரில் இருக்கும், தேடி அணைத்துவிடுங்கள். பிறகு அப்பாவின் நாற்காலியை மூன்றடி பின்னால் தள்ளிப் போடுங்கள். 480 வரிப் படம் 55 அங்குலத்தில் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கும்போது நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கும். முதல் சீசன் கொஞ்சம் இழுவைதான். அலுத்துப்போனால் அதற்காக நிறுத்திவிட வேண்டாம், மூன்றாவதிலிருந்து கதை பிடித்துக்கொள்ளும் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.